பானை நீரைக் குளிர்விப்பது மண்ணின் குணம் அன்று

"மண் இயல்பிலேயே குளிர்ச்சியானது, பானைக்குப் பெயிண்ட் அடித்து அலமாரிக்குள் வைத்தாலும் தண்ணீர் குளிரும்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்வதே குளிர்ச்சிக்குக் காரணம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதே ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் குறைக்க 4.2 ஜூலை அகற்றினாலே போதும். ஆகவே 10 லிட்டர் நீருள்ள பானையில் சுமார் 18 கிராம் நீர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் புகாத நிலையில், மொத்த நீரும் 1 டிகிரி குளிர்ந்துவிடும். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. மூடிய அலமாரியிலோ ஈரக்காற்று தேங்கி, ஆவியாதல் மந்தமாகிறது. கடலோரப் புழுக்கத்தில் பானை நீர் அவ்வளவாகக் குளிராததும், வறண்ட காற்று வீசும் உள்மாவட்டங்களில் நன்றாகக் குளிர்வதும் இதனால்தான். புதுப்பானை வாங்கியவர்கள் தயவுசெய்து அதற்குப் பெயிண்ட் அடிக்காமல், காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள்.