சுவரு ஏன்டா கொதிக்குது?

போன ஞாயிறு விடியக்காலை காசிமேட்டில் எடுத்த வீடியோவை ஒரு ஆப்பில் போட்டு ஆயில் பெயின்டிங் மாதிரி மாற்றினேன். ஐஸ் உடைப்பவர், மீன் கூடையோடு ஒரு அக்கா, பின்னால் ஏலச் சத்தம். மொத்தம் 40 விநாடி. பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். வண்ணாரப்பேட்டை பக்கம் காலமெல்லாம் கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இன்னாடா, சுவரு கொதிக்குது?"

அனிமேஷன்காரர்களும் இதைக் கொதிப்பு என்றுதான் சொல்வார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 40 விநாடிக்கு 1,200 படம். முந்தின படத்தில் என்ன தீட்டினோம் என்ற நினைப்பே இல்லாமல் ஒவ்வொன்றையும் புதிதாகத் தீட்டினால், அசையாத சுவரும் நெளியத்தான் செய்யும். சரி, பிரஷ் தீற்றல்களைத் திரையோடு ஒட்டிவைத்துவிட்டால்? அக்கா பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் இருக்கும்.

இதற்கு 1997லேயே பீட்டர் லிட்வினோவிச் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர் ஒரு வழி காட்டினார். படத்தில் எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிட்டு (ஆப்டிகல் ஃப்ளோ), தீற்றலையும் கூடவே நகர்த்துவது. இடைவெளி விழுந்தால் புதுத் தீற்றல், நெரிசலானால் சிலதை எடுத்துவிடுவது. கூடை போகிற இடத்துக்குக் கூடையின் வண்ணமும் போகும். வெயில் பட்டு மினுக்கும் தண்ணீரில் மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். காசிமேட்டில் தண்ணீர் இல்லாத ஷாட்டுக்கு எங்கே போவது!

என் குறை கொதிப்பு மட்டுமில்லை. அப்பா பட்டைப் பிரஷில் சுவரை மெழுகிவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும்தான் சின்னப் பிரஷை எடுப்பார். 1998இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் கம்ப்யூட்டருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்: முதலில் பெரிய பிரஷ், அசல் படத்தோடு ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் சின்னது. ஆனால் வலையின் கண்ணியும் கிழிந்த போஸ்டரும்கூட ஒத்துப்போகாத இடம்தானே? அதற்கும் அக்காவின் முகத்துக்கும் ஒரே மரியாதை. எங்கே மெனக்கெட வேண்டும் என்று ஆள் சொல்லாதவரை அதை ஓவியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தெருவை எடுத்தாலும் மஞ்சள் பூசி 'நார்த் மெட்ராஸ் ஆர்ட்' என்று போடுகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மூன்று ராத்திரி உட்கார்ந்து, அக்காவின் முகத்துக்கு மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக மாஸ்க் போட்டேன் (அந்த இடத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் குறிப்பது). அப்பா மறுபடி பார்த்தார்.

"மூஞ்சிய வுடுடா. கூடைய எப்டி புட்சிக்கிறா பாரு, அந்தக் கைய வரை."

இப்போது கைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். 212ஆவது ஃபிரேம்.