பிரஷர் பார்க்கும் முறையும் முக்கியம்
பிரஷர், அதாவது ரத்தக் கொதிப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்வது சரிதான். வீட்டில் பிரஷர் பார்க்கும் முறையையும் அதில் சொல்லியிருக்கலாம். மாடிப்படி ஏறி வந்த உடனேயே பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் சுற்றினால் அளவு கூடத்தான் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள்.

அப்புறம், 120/80 வந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த அளவு வந்ததே மாத்திரையால்தான் இருக்கும். தலைவலி, மயக்கம் இல்லையே என்பதும் காரணமாகாது. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். அடிக்கடி வலி மாத்திரை போடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வகைகள் பிரஷரை ஏற்றிவிடும்.