ஃபைல் எல்லாம் பக்கா, நைட் ஷிப்ட்ல யார்கிட்டயாவது கேட்டீங்களா?

ஆஸ்பத்திரி குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல பல வருஷம் குப்பை கொட்டினவன் நான். "எங்க ஆஸ்பத்திரி எந்த எமர்ஜென்சிக்கும் ரெடி"ன்னு யாராவது சொன்னா இப்பல்லாம் ஃபைலைப் பாக்குறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ சிஸ்டர்கிட்ட போய், "கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் எடுக்கல, இப்ப என்னம்மா பண்ணுவீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. கையால அமுக்கி மூச்சு குடுக்குற ஆம்பு பேக் இருக்கிற இடத்தை டக்குனு கை காட்டினா பாதி நிம்மதி. "இன்சார்ஜுக்கு போன் பண்ணுவேன் சார்"னு சொன்னா... இன்சார்ஜ் தூங்கிட்டிருந்தா?

உலக சுகாதார நிறுவனம் 'ஹாஸ்பிடல் சேஃப்டி இண்டெக்ஸ்'னு ஒண்ணு வச்சிருக்கு. 2015 பதிப்புல 151 விஷயம் பாக்கணும். கட்டடம் நிக்குமா, கரண்ட் தண்ணி ஆக்சிஜன் ஓடுமா, நிர்வாகம் சமாளிக்குமான்னு பாத்து கடைசில ஏ, பி, சின்னு கிரேடு. நல்ல கருவிதான், குறை சொல்லல. ஆனா நம்ம ஆளுங்க அதை டிக் அடிக்கிற பேப்பரா மாத்திடுறாங்க, ஜெனரேட்டர் இருக்கா டிக், டீசல் இருக்கா டிக், அந்த டீசல் எந்த வழியா ஜெனரேட்டருக்குப் போய்ச் சேருதுன்னு யாரும் கூடவே நடந்து போய்ப் பாக்குறதில்ல.

2012 அக்டோபர்ல சாண்டி புயல் நியூயார்க்கை அடிச்சப்ப நடந்தது இதுதான். பெல்வியூ ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் 13வது மாடியில பத்திரமா இருந்துச்சு, ஆனா எரிபொருள் பம்ப் பேஸ்மெண்ட்ல. தண்ணி புகுந்துச்சு, பம்ப் போச்சு. ஊழியர்களும் நேஷனல் கார்டு வீரர்களும் வரிசையா நின்னு கை மாத்தி கை மாத்தி மாடிப்படி வழியா எரிபொருளை மேல ஏத்தினாங்க. கடைசில அந்த ஆஸ்பத்திரியையே காலி பண்ண வேண்டியதாயிடுச்சு. பக்கத்துல என்.ஒய்.யூ. லாங்கோன்ல அந்த ராத்திரியே 300 பேருக்கு மேல வெளியேத்தினாங்க, அதுல தீவிர சிகிச்சையில இருந்த 20 பச்சைக் குழந்தைங்க, அதுல சில குழந்தைங்களுக்கு நர்சுங்க கையாலயே மூச்சு குடுத்துக்கிட்டே படியில இறக்கினாங்க. காப்பாத்தினது அந்தக் கைங்கதான், அதுக்கு எந்த செக்லிஸ்ட்ல மார்க் போடுவீங்க?

புயல், பூகம்பம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 2017 மே மாசம் வானாகிரைங்கிற கம்ப்யூட்டர் வைரஸ் வந்து இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ல, ஆஸ்பத்திரிகளை நடத்துற டிரஸ்டுகள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல பாதிச்சுது, ஆயிரக்கணக்குல அப்பாயின்ட்மெண்ட் கேன்சல். அப்புறம் அந்த நாட்டு தணிக்கை அலுவலகம் விசாரிச்சு சொன்னது என்ன தெரியுமா, சைபர் தாக்குதலுக்கு பிளான் இருந்துச்சாம், ஆனா உள்ளூர் அளவுல ஒரு தடவை கூட ஓட்டிப் பாக்கலையாம். சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது.

ஜப்பான்ல இஷினோமாகி ரெட் கிராஸ் ஆஸ்பத்திரி 2011 சுனாமியில தாக்குப்பிடிச்சதுக்கு கடலை விட்டு உள்ள தள்ளி, அதிர்வைத் தாங்குற மாதிரி கட்டினது ஒரு காரணம். ஆனா அங்க முன்கூட்டியே ட்ரில் பண்ணிப் பழகியிருந்தாங்க, யார் எங்க நிக்கணும், யாருக்கு முதல்ல சிகிச்சைன்னு பிரிக்கிற டிரையாஜ் எந்த இடத்துலன்னு கை கால் தானா போற அளவுக்கு. எனக்குப் பெருசா தெரியிறது இந்த ரெண்டாவதுதான்.

நம்ம ட்ரில் எப்படி? ஒரு வாரம் முன்னாடியே சர்குலர், காலைல பதினோரு மணிக்கு, எல்லாரும் தேய்ச்ச யூனிஃபார்ம்ல, போட்டோகிராபர் ரெடியா. நான் வேலை பாத்த ஒரு இடத்துல தீ விபத்து ட்ரில். ஸ்ட்ரெச்சரோட பின்வாசல் எமர்ஜென்சி கதவு வரைக்கும் ஓடினோம், கதவுல பூட்டு. சாவி செக்யூரிட்டி அண்ணன்கிட்ட, அவரு அன்னைக்கு லீவு. நல்லவேளை ட்ரில்லுன்னு எல்லாரும் சிரிச்சுட்டு முன்வாசல் வழியா வந்தோம், டீ குடிச்சோம். ரிப்போர்ட்ல சாவி பத்தி ஒரு வரி இல்ல. 'திருப்திகரம்'னு எழுதி டைரக்டர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க.

எழுதினது நான்தான்.