இரண்டு எழுத்துக் கோவை

எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியெண் தரும் யூனிகோடு வந்ததும் கணினித் தமிழின் சிக்கலெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதி சரி. மீதிப் பாதி என் இரண்டு நாளைத் தின்றது.

வேலையில் ஒரு முகவரிப் பட்டியல். 'கோவை' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களும் கோவைதான், திரையில் ஓர் இம்மி வித்தியாசம் இல்லை. கடைசியில் ஒவ்வொரு குறியெண்ணாக அச்சிட்டுப் பார்த்தேன். நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு க, ோ, வ, ை என்று நான்கு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலோ ஐந்து! அங்கே ஓகாரக் குறி, இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தது. அந்தக் காலத்துத் தட்டச்சுப் பழக்கம்தான், வேறென்ன.

இதற்கு யூனிகோடிலேயே மருந்து உண்டு. பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி (NFC) என்னும் இயல்பாக்கம், ஒரே வரி நிரல். சேமிக்கும்போதும் தேடும்போதும் போட்டேன், எல்லோரும் வந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஔவையார் தெரு கண்ணில் பட்டது. பாதிப் பேர் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு 'ஒளவையார்' என்று அடித்திருக்கிறார்கள். ள தனி எழுத்து என்பதால் அதை என்எஃப்சி தொடாது. கையால்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.