பாதி சரி, பாதி பழைய கதை

"அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஸ்கோர் வருஷா வருஷம் விழுகிறது, இப்போது யாரும் பார்ப்பதில்லை" என்று உங்கள் பதிவில் ஒரு வரைபடத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 2013-ல் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். அந்த சீசனில் ஆண்கள் ஆட்டங்களில் ஓர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 67.5 புள்ளிதான், முப்பது வருஷத்தில் இல்லாத சரிவு. 2011 இறுதியாட்டம் இன்னும் கொடுமை: பட்லர் அணி 64 தடவை கூடையை நோக்கி எறிந்து 12 தான் உள்ளே போனது. எதிரணியான கனெக்டிகட் 53-41 என ஜெயித்தது. அதையெல்லாம் முழுசாகப் பார்த்தவர்களுக்குக் கோயிலே கட்டலாம்.

ஆனால் 2015-16-ல் ஷாட் கிளாக்கை, அதாவது பந்து கையில் வந்த அணி கூடையை நோக்கி எறிவதற்குள்ள நேர வரம்பை, 35 நொடியிலிருந்து 30 ஆக்கினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டும் வித்தைக்கு இடம் குறைந்தது. முதல் சீசனிலேயே சராசரி 70-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் வரைபடமோ 2013-லேயே நின்றுவிடுகிறது.

பார்வையாளர் விஷயத்தில், 1979-ல் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் மோதிய கல்லூரி இறுதியாட்டத்தின் டிவி ரேட்டிங்கை (டிவி உள்ள வீடுகளில் எத்தனை சதவீதம் பார்த்தது என்ற கணக்கை) இன்றுவரை வேறெந்தக் கல்லூரி கூடைப்பந்து ஆட்டமும் தொடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 'யாரும் பார்ப்பதில்லை' என்பதா? 2025 ஆண்கள் இறுதியை சுமார் 1.8 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய பெண்கள் இறுதி, பார்த்தவர்கள் எண்ணிக்கையில் ஆண்கள் இறுதியையே முந்தியது. அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?