ஆர்க்டிக் செடிகள் குள்ளமாக இருப்பது ஏன்?

"ஆர்க்டிக்கில் குளிர் தாங்காமல் செடிகள் குன்றிப் போகின்றன, பூத்து விதை வைக்கக்கூட வலு இருக்காது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். சரியில்லை அண்ணா. வட துருவத்தைச் சுற்றியுள்ள அந்த ஆர்க்டிக் பகுதியில் கோடை குறுகியது, மண்ணில் சத்தும் குறைவு, அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்தக் குள்ள உருவம் நோயல்ல, பிழைக்கும் வழி.

நம்ம தேவனாம்பட்டினம் கடற்கரையில் அடப்பங்கொடி மணலோடு மணலாகப் படர்கிறதே, அதை வளராத செடி என்போமா? ஆர்க்டிக் வில்லோ என்ற புதர்ச்செடியும் அப்படித்தான் தரையோடு படுத்து வளர்கிறது. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, குளிர்காலத்தில் மேலே விழும் பனியே போர்வை. சைலீன் அக்காலிஸ் என்ற செடி நெருக்கமான பச்சை மெத்தையாகத் திரண்டிருக்கும். வெயில் நாளில் அதன் உள்ளே வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல்கூடச் சூடு இருக்கும். வெயில் படும் தெற்குப் பக்கத்தில்தான் முதலில் இளஞ்சிவப்புப் பூ விரியும்.

ஆர்க்டிக் பாப்பியின் பூ சூரியனோடு சேர்ந்து திரும்பும். கிண்ணம் போன்ற இதழ்கள் வெப்பத்தை நடுவில் குவிக்க, பூச்சிகள் அதில் குளிர்காய வந்து உட்காரும், விதையும் முற்றும்.

அப்புறம், விவிபாரா என்ற சின்னச் செடி. ஒரே தண்டில் மேலே வெள்ளைப் பூக்கள், கீழே குட்டிக் குமிழ்கள். விதை பிடிக்காவிட்டாலும் குமிழ் விழுந்து புதுச்செடியாகும். நம் வீட்டு ரணகள்ளி இலை ஓரத்தில் குட்டி விடுவதுபோல, சில குமிழ்கள் தாய்ச்செடியில் இருக்கும்போதே இலை விட்டுவிடும்.