ஊரை விட்டு ஓடாதவர்களின் கதை

எதிர்கால நகரத்தைப் பற்றித் தமிழில் ஓர் அறிவியல் கதை என்றால் முதல் பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட ஊர் வந்துவிடுகிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு சர்வாதிகாரி. அப்புறம் ஒரு பையனும் ஒரு பெண்ணும் காவல் இயந்திரங்களை ஏமாற்றிவிட்டு ஊர் எல்லையைத் தாண்டுகிறார்கள். வெளியே பச்சைப் புல். சுபம். டெல்லியில் வாடகை கட்டிக்கொண்டு இதைப் படிக்கிறவனுக்கு ஒரு சந்தேகம்தான் வருகிறது. இவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? இங்கே யாரும் ஓடுவதில்லையே.

தீபாவளி முடிந்த மறுநாள் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்வார். "டிவியில காட்டுறானே, அந்தப் புகையிலயா இருக்கீங்க? பேசாம இங்க வந்துடுப்பா." சரி சித்தப்பா, பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, ஏர் ப்யூரிஃபையருக்கு மாற்று ஃபில்டர் என்ன விலை என்று தேடுவேன். பக்கத்து ஃப்ளாட்காரரும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பார். வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளி இங்கே, வீட்டுக்கடன் இங்கே. ஆஸ்துமாக்காரர்கள் சிலர் நவம்பரில் ஊருக்குப் போகிறார்கள். பிப்ரவரியில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: சீர்கெட்ட நகரத்தைக் கதையாக்குகிறவர்கள் தப்பித்துப் போகிறவர்களைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, தங்கிவிடுகிறவர்களை எழுத வேண்டும். தங்குவதற்கு என்னென்ன ஏற்பாடு, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள், அந்த ஏற்பாட்டில் யாருக்கு இடமில்லை. இவ்வளவு போதும், ரோபோவே வேண்டாம்.

"இதெல்லாம் நியூஸ், அறிவியல் புனைவு இல்லை" என்று ஒரு நண்பர் சொன்னார். 2010 இல் யாராவது இப்படி ஒரு கதை எழுதியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார்: நகரத்தின் காற்றுக்கு நாலு கட்ட அபாய நிலை உண்டு. காற்று மாசு எண் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தடை வரும். முதலில் ஹோட்டல்களின் கரித் தந்தூர் அணையும், அப்புறம் கட்டட வேலை நிற்கும், பழைய டீசல் கார் தெருவில் இறங்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு வீட்டிலேயே, வெளியூர் லாரி எல்லையிலேயே நிற்கும். 2017 ஜனவரியில் அரசாணையாக வந்த 'கிராப்' திட்டம்தான் இது. இப்போது டெல்லியில் எட்டு வயதுக் குழந்தைகூட "கிராப் த்ரீ வந்தாச்சா?" என்று கேட்கிறது, மழை லீவு கேட்கிற அதே ஆசையோடு. அதே 2017 டிசம்பரில், கோலி 243 அடித்த டெஸ்டில், இலங்கை வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்தார்கள், ஆட்டம் நடுவில் நின்றது. 2019 இல் சாகேத்தில் ஒரு மாலில் 15 நிமிட ஆக்ஸிஜனை 299 ரூபாய்க்கு விற்றார்கள். இதில் எதைக் கற்பனை என்று தள்ளுவது?

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அரசின் காற்றுத் தரக் குறியீடு 500 இல் முடிந்துவிடும். அதற்கு மேல் காற்று எவ்வளவு கெட்டாலும் 500 தான். அதே நேரத்தில் வேறு கணக்கு வைத்திருக்கும் தனியார் ஆப்பில் எண் 1,000 ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். அரசின் அளவுகோலே கையை விரித்துவிடுகிற ஊரில் இதற்கு மேல் கதாசிரியர் என்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்?

இயந்திரம் வந்து காப்பாற்றும் கதைகள் மேல் எனக்கு இன்னும் கோபம், ஏனென்றால் அவற்றையும் இங்கே அரங்கேற்றிப் பார்த்தாகிவிட்டது. 2021 இல் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் 24 மீட்டர் உயரத்துக்கு, 40 விசிறிகளோடு, புகை உறிஞ்சும் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். திறந்த வெளியில் ப்யூரிஃபையர்! ஒரு பக்கம் உறிஞ்ச, மறு பக்கம் வந்துகொண்டே இருக்கும். 2025 அக்டோபர் 28 அன்று கான்பூர் ஐஐடிக்காரர்கள் சின்ன விமானத்தில் வந்து, செயற்கை மழைக்காக மேகத்தில் உப்புத் தூவினார்கள். தூவிய இடங்களில் கரோல் பாகும் மயூர் விஹாரும் உண்டு, அதாவது டெல்லித் தமிழர்களின் பழைய பேட்டையும் புதிய பேட்டையும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரே உற்சாகம், வடாம் காய வைத்தவர்கள்கூட எடுத்து உள்ளே வைத்தார்கள். மேகத்தில் ஈரம் 10 முதல் 15 சதவீதம்தான் இருந்ததாம். மழை வரவில்லை. இல்லாத தண்ணீரை எந்த உப்பும் இறக்காது.

இந்த ஊரில் பிறக்காத நமக்கென்று ஒரு தனிச் சோகம் உண்டு. அது மார்கழி. விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டால் சுத்தமான காற்று கிடைக்கும், ஓசோன் படலம் கீழே இறங்கி வரும் என்றெல்லாம் வருஷா வருஷம் ஃபார்வர்டு வரும். ஓசோன் படலம் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது மார்கழிக்காக யாருடைய வாசலுக்கும் வருவதில்லை. டெல்லியில் நடப்பது நேர் எதிர். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும், மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். வாகனப் புகை, குளிர்காயும் விறகுப் புகை, தூசி எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே தங்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். ஆக, திருப்பாவை சொல்லிக்கொண்டு ஷாலும் மங்கி கேப்புமாகப் பஜனைக்குக் கிளம்பும் மாமிகள், நாளிலேயே மோசமான காற்றைத் தேடிப் போய்ச் சுவாசிக்கிறார்கள். புகைக்கு வழக்கமாகக் காரணம் காட்டும் பஞ்சாப் வைக்கோல் எரிப்பைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஜனவரியில் பஞ்சாப் வயல்களில் கோதுமை வளர்ந்துகொண்டிருக்கும். இருந்தும் பஜனை நின்றதில்லை. என்-95 போட்டுக்கொண்டு "மார்கழித் திங்கள்" பாடுகிற குரல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும், கொஞ்சம் மூக்கடைத்த ஆண்டாள்.

ஆனால் தங்குவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. கட்டட வேலைக்குத் தடை போட்டால் என் வீட்டுக்குத் தூசி குறையும், சித்தாளுக்குக் கூலி போகும். 2024 குளிர்காலத்தில் அப்படி வேலை இழந்த சுமார் 90,000 பேருக்கு ஆளுக்கு 8,000 ரூபாய் என்று முடிவாகி, முதலில் 2,000 தான் கொடுத்தார்கள். மீதி 6,000 க்கு உச்ச நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்ததே, அங்கே பல பத்தாண்டுகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களும் தங்கத்தான் விரும்பின. வெள்ளத்துக்கு வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 வீடுகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று ஏற்கப்பட்டவை 189. அதுவும் நகரத்தின் வட கோடியில், நரேலாவில். வாய்க்காலைத் தூர் வாரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்கும் புகைக்கும் நகரம் தன்னைத் தயார் செய்துகொள்ளும்போது, அந்தத் தயாரிப்பின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். நல்ல எதிர்காலக் கதை அங்கேதான் இருக்கிறது.

ரொம்ப நாளாக மனசில் ஒரு கதை வைத்திருக்கிறேன். எனக்கு எழுத வராது, யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

வருஷம் 2038. மயூர் விஹாரில் ஒரு பழைய அடுக்குமாடி சொசைட்டி. ஜன்னல்களை எல்லாம் நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். ப்யூரிஃபையர் தூசியைத்தான் பிடிக்கும், நாம் விடும் கார்பன் டை ஆக்ஸைடை எடுக்காது, அடைத்த வீட்டில் அது ஏறிக்கொண்டே போகும். அதனால் மொட்டை மாடியில் பெரிய மெஷின் வைத்து, வடிகட்டிய வெளிக்காற்றைக் குழாய் வழியாக ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் விடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று மெயின்டனன்ஸ் பில்லில் வரும். இரண்டு பேர் இருப்பதாகச் சொல்லிவிட்டு நாலு பேர் இருக்க முடியாது, ஹாலில் மாட்டிய சென்சார் மூச்சை வைத்தே தலையை எண்ணிவிடும்.

மூன்றாம் மாடியில் மத்திய சர்க்காரில் ரிடையர் ஆன ஒரு மாமாவும் மாமியும். அவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் வேலைக்கு வரும் தீதி, கூடவே தன் பையனையும் அழைத்து வருகிறாள். வீட்டில் இருந்தால் இருமுவான், இங்கே தரையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்வான். மாமிக்கு ஆட்சேபணை இல்லை, அவனுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள். ஒரு நாள் ஆப்பில் அறிவிப்பு: "உங்கள் இல்லத்தில் நான்காவது நபர் தினமும் 90 நிமிடம் பதிவாகிறார். விவரம் தரவும்."

விஷயம் பொதுக்குழுவுக்குப் போகிறது. செக்ரட்டரி கெட்டவர் இல்லை. சொந்தக் கைக்காசில் காவலாளிகளுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுப்பவர். "அந்தப் பையன் பிரச்சினையே இல்லை, மாமி. இன்னிக்கு ஒரு பையன், நாளைக்கு ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு. மெஷின் கெபாசிட்டி என்ன ஆகறது?" மாமி எழுந்து, "எங்க ரெண்டு பேர் மூச்சையும் சேர்த்தாலே ஒரு ஆள் கணக்குதான் வரும், மிச்சத்தை அவன் விடட்டுமே" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். தீர்மானம் நிறைவேறுகிறது.

இந்தக் கதையை என் பெண்ணிடம் சொன்னபோது, கடைசியில் பையனை விரட்டிவிடுவார்களா என்று கேட்டாள். மாட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. "உதவியாளரின் குழந்தை" என்று புதிதாக ஒரு கட்டண வகை உண்டாக்குவார்கள், மாதம் இவ்வளவு என்று. முதல் மாதம் மாமி கட்டுவாள். மூன்றாவது மாதம் மாமா கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, பாதியைத் தீதியின் சம்பளத்தில் பிடிக்கலாமே என்பார். தீதி சரி என்பாள், வேறு வழி? மாமி எதிர்த்து ஓட்டுப் போட்டது மட்டும் மினிட்ஸில் முறையாகப் பதிவாகியிருக்கும்.